அந்தி நேரத்து ஆராய்ச்சிக்காரி

வானியல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் விடிய விடியக் கண்விழித்துவிட்டுப் பகலெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள் என்றுதான் ஊர் உலகம் நினைக்கிறது. அந்த ஆராய்ச்சி செய்கிற நெட்டைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளையின் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு ராத்திரி டூட்டியாமே. எங்க தம்பி தினமும் தனியாவா உக்காந்து சாப்பிடுவான்?" என்று கேட்டாள்.

"இல்லைங்க அண்ணி. இருட்டினதும் வீட்டுக்கு வந்துடுவேன்."

"இருட்டினதும் வந்துட்டா அப்புறம் நட்சத்திரத்தை எப்ப பாப்பே?"

நியாயமான கேள்விதான். ஆனால் நெட்டை பார்த்தது நட்சத்திரங்களை அல்ல, கற்களை. பூமியைவிடச் சூரியனுக்கு நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கற்கள் சில உண்டு. வீடளவு, மலையளவு என்று பலவிதம். சூரியன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு திரிவதால் நடுராத்திரியில் அவை கண்ணில் படவே படாது. பொழுது சாய்ந்த பிறகு, வானம் சாம்பல் பூத்து முழு இருட்டு இறங்குவதற்குள், மேற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே கொஞ்ச நேரம் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தொலைநோக்கியைத் தாழ்வாகத் திருப்பி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டும். பிறகு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நட்சத்திரங்கள் எல்லாம் அசையாமல் நிற்கும். கல்லாக இருந்தால் மட்டும் ஒரு முடி அகலம் நகர்ந்திருக்கும்.

மலைமேல் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு மற்றவர்கள் கம்பளியும் பிளாஸ்க்குமாக ஜீப்பில் ஏறி வரும்போது, நெட்டையும் அவள் கூட்டாளியும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பார்கள். "பாத்தீங்களா, ஆபீஸ் டைம் விஞ்ஞானிங்க கிளம்பிட்டாங்க" என்று ஜீப்புக்குள்ளிருந்து யாராவது சீண்டுவார்கள். நெட்டை கையை ஆட்டிவிட்டுப் போவாள். கூட்டாளிதான் முறைப்பாள்.

அந்தக் கூட்டாளிக்குப் பெயர் கண்ணாடி. கல்லூரியில் முதல் வருஷமே வைத்த பெயர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தாள் என்று வைத்தது. பின்னாளில் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்கு அவள்தான் பொறுப்பு என்று ஆனதும் அந்தப் பெயர் பதவிப் பெயர் மாதிரி நிலைத்துவிட்டது. நெட்டைக்கு ஏன் நெட்டை என்று பெயர் வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆய்வுக்கூடத்தின் நிலைப்படிகளில் எது எவ்வளவு தாழ்வு என்று அவள் நெற்றிக்குத்தான் தெரியும்.

அடிவாரத்து ஆராய்ச்சி நிலையத்தில் இருவருக்கும் சேர்த்து ஓர் அறை. யாரோ பெயின்ட் அடிக்கும்போது ஜன்னலையும் சேர்த்துப் பூசிவிட்டதால் அது திறக்காது. இரும்பு அலமாரி உதைத்தால்தான் திறக்கும். கெட்டிலுக்கு மூடி கிடையாது. அந்த அறையில் வருஷக்கணக்காக எதிரும் புதிருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள், சண்டை போட்டார்கள், கட்டுரை எழுதினார்கள். நெட்டைக்கு வாய் ஓயாது. கண்ணாடி ஒரு நாளைக்குப் பேசுவதை எண்ணிவிடலாம், அதுவும் பாதி "ம்"தான்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கல் அகப்பட்டது. யாரும் அதுவரை பார்க்காத கல். படத்தில் ஊசிமுனையளவு புள்ளி, அடுத்த படத்தில் சற்றுத் தள்ளி, அதற்கடுத்ததில் இன்னும் சற்றுத் தள்ளி. கண்ணாடி எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு, டீத்தூள் போட மறந்து, வெந்நீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் அதைக் குடித்தும் விட்டார்கள்.

மறுநாளும் கல் தெரிந்தது. மூன்றாம் நாள் மேகம். நான்காம் நாளும் மேகம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வானம் வெளுத்தபோது கல் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு கல்லின் பாதையைச் சரியாகக் கணிக்க வேண்டுமென்றால் பல நாள் பார்த்திருக்க வேண்டும். இவர்கள் பார்த்தது இரண்டே அந்திகள். அதை வைத்துக்கொண்டு, சில வருஷம் கழித்து இன்ன மாதத்தில் மேற்கு வானத்தில் ஏறக்குறைய இந்த இடத்தில் வரலாம் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"நம்ம கண்டுபிடிச்ச கல்லு நம்மளையே விட்டுட்டு ஓடிடுச்சு பாரு" என்றாள் நெட்டை. அன்றிலிருந்து அதற்கு ஓடுகாலி என்று பெயர்.

ஓடுகாலிக்காகக் காத்திருந்த வருஷங்களில்தான் நெட்டையின் வாழ்க்கையில் வானொலி நுழைந்தது. அதற்கும் கண்ணாடிதான் காரணம். ஒரு வால்நட்சத்திரம் அந்தி வானத்தில் வெறும் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்திருந்தது. உள்ளூர் வானொலிக்காரர்கள் நேயர்களோடு பேச யாரையாவது அனுப்பச் சொன்னார்கள். நிலையத்தில் கண்ணாடியைப் போகச் சொல்லிவிட்டார்கள். மைக்கைப் பார்த்தாலே அவளுக்குக் குலை நடுங்கும். கிளம்பும் நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"நீ போயேன்டி. வாயை வெச்சுக்கிட்டு சும்மாத்தானே இருக்கே."

"உன் பேரைப் போட்டு விளம்பரம் பண்ணிட்டாங்களே."

"குரலுக்கு முகமா இருக்கு? யாருக்குத் தெரியப் போகுது."

அப்படித்தான் நெட்டை போனாள். ஒலிப்பதிவுக் கூடம் சின்னப் பெட்டி மாதிரி இருந்தது. சுவரெல்லாம் துணி ஒட்டி, பேசினால் சத்தம் எங்கேயும் போகாமல் காதுக்குள்ளேயே விழுந்தது. அறிவிப்பாளர் நல்ல மனிதர். ஆனால் வால்நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கு அவர் எழுதி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் தூக்க மாத்திரை. அது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு பழசு. நெட்டையும் கடமைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண்மணி தொலைபேசியில் வந்தார்.

"எங்க வீட்டுக்காரர் ஒரு வாரமா சாயங்காலம் ஆனா வால்நட்சத்திரம் பாக்கறேன்னு மொட்டை மாடிக்குப் போயிடறார்ங்க. கூப்பிட்டாலும் இறங்க மாட்டேங்கறார். மேல உண்மையிலேயே அப்படி என்னதாங்க இருக்கு?"

"மேற்குப் பக்கம் பாக்கறாரா?" என்று நெட்டை கேட்டாள்.

"இல்லையே. கிழக்குப் பக்கமா நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு."

நெட்டை ஒரு கணம் யோசித்தாள். "அப்ப அது வால்நட்சத்திரம் இல்லைங்க. கிழக்குப் பக்கம் என்ன இருக்குன்னு நீங்களே ஒருதடவை ஏறிப் பாத்துடுங்க."

அறிவிப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை விட்டுத் திரும்பிக்கொண்டார். ஊரே சிரித்தது. மறுநாள் அதே பெண்மணி வானொலி நிலையத்துக்குப் போன் செய்து, கிழக்குப் பக்கம் எதுவுமில்லை, வீட்டில் சத்தம் தாங்காமல் அவர் மேலே உட்கார்ந்து தூங்கிவிடுகிறார், நாற்காலியை மேற்கே திருப்பிப் போட்டுவிட்டேன், இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம், வால் நன்றாகத் தெரிந்தது என்று தகவல் சொன்னார்.

அவ்வளவுதான், வாராவாரம் ஒரு மணி நேரம் நெட்டைக்கு ஒதுக்கிவிட்டார்கள். வானத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லாரி ஓட்டுகிறவர்கள் கேட்டார்கள், மருத்துவமனை வரிசையில் காத்திருந்தவர்கள் கேட்டார்கள். நிலா ஏன் காரோடு கூடவே வருகிறது, நட்சத்திரம் மின்னுகிறது, கிரகம் ஏன் மின்னுவதில்லை, விண்வெளியில் அழுதால் கண்ணீர் எங்கே போகும். தெரிந்ததற்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு, "இதுக்கு எனக்குப் பதில் தெரியலைங்க, கேட்டுட்டு அடுத்த வாரம் வர்றேன்" என்பாள். சொன்னபடி வருவாள். கடைத்தெருவில் பேச்சை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, "நீங்க நட்சத்திர அக்காதானே" என்று நிறுத்த ஆரம்பித்தார்கள். கத்தரிக்காய் விலை கேட்டதில்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நிலையத்தில் இருந்த பெரிய தலைகளுக்கு இது அவ்வளவாக ருசிக்கவில்லை. நெட்டையின் வேலை அதுவரை தற்காலிகம்தான். வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். நிரந்தர இடம் ஒன்று காலியானபோது அவளுக்குத்தான் கிடைக்கும் என்று காவலாளி உள்பட எல்லோரும் நம்பினார்கள். தேர்வுக் குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே, "ரேடியோவுல இவ்வளவு நேரம் பேசறீங்க, ஆராய்ச்சிக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்டார்.

"வாரத்துக்கு ஒரு மணி நேரம் சார். டீ குடிக்க அதைவிட அதிகமாவே ஆகுது."

அவர் சிரிக்கவில்லை. குழுவுக்கு டீ வந்திருந்த நேரம் அது. இடம் வேறொருவருக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்தவள் சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. அவள் புருஷன் கால்நடை மருத்துவர். பேசத் தெரியாத ஜீவன்களோடு பழகிப் பழகி, யாராவது படுத்துவிட்டால் என்ன கேள்வி கேட்கக்கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் ரொட்டியை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மகள்தான் விடவில்லை. அவளுக்கு அன்று லேசான காய்ச்சல்.

"வீட்டுல ரெண்டு டாக்டர். ஒருத்தர் மாட்டுக்கு, ஒருத்தர் வானத்துக்கு. இப்ப வானத்து டாக்டரும் படுத்துட்டாங்க. எனக்கு யார்தான் மாத்திரை குடுப்பீங்க?"

நெட்டை எழுந்து மாத்திரையைத் தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்போதே பசியும் வந்துவிட்டது.

விண்வெளிக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது அதற்கப்புறம்தான். சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள் செய்து, கூட்டம் கூட்டமாக மேலே அனுப்புகிற புதுக் கம்பெனி. கடலில் போகும் கப்பலுக்கும் காட்டுக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொலைபேசி கிடைக்க வைப்பது அவர்கள் தொழில். அதன் முதலாளி நெட்டையின் நிகழ்ச்சியைக் காரில் போகும்போது தவறாமல் கேட்கிறவர். மேலே போகிற ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் ஒரு கேமரா உண்டு. அது நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும், புது ஊரில் வழி தெரியாதவன் கடைப் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்வது மாதிரி. எந்த நட்சத்திரத்தை நம்பலாம், எது ஒளி கூடிக் குறைந்து ஏமாற்றும் என்று அந்தக் கேமராவுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டியிருந்தது.

கண்ணாடியிடம் சொன்னபோது அவள் அலமாரியை உதைத்துத் திறந்து எதையோ தேடுவது போலப் பாவனை செய்தாள்.

"போ. நல்ல வேலைதான்." கொஞ்சம் கழித்து, "சாயங்காலம் என் பக்கம் எதையும் பறக்க விட்டுடாதே" என்றாள்.

நெட்டை சிரித்துவிட்டு வந்தாள்.

கம்பெனி இருந்த கட்டடம் அதற்கு முன் மெத்தைக் கிடங்கு. எவ்வளவு பெருக்கினாலும் மூலையிலிருந்து பஞ்சு பறக்கும். ஆனால் உள்ளே செயற்கைக்கோள் பூட்டுவதற்கென்று கண்ணாடிச் சுவர் வைத்த அறை ஒன்று, அதில் தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, வாய்க்குத் துணி எல்லாம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு தூசி போனாலும் தலைமைப் பொறியாளர் தாம் தூம் என்று குதிப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் திருப்புளி வைத்திருப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் திருப்புளி. நெட்டைக்கு அந்த இடம் பிடித்துப்போனது. ஆராய்ச்சியில் ஒரு கேள்விக்கு விடை கிடைக்க வருஷங்கள் ஆகும். இங்கே காலையில் கேட்டால் மாலைக்குள் யாராவது செய்துபார்த்துவிடுகிறார்கள். அவள் தயாரித்த நட்சத்திரப் பட்டியலோடு முதல் செயற்கைக்கோள் மேலே போய்க் கண்விழித்துத் தன் திசையைத் தானே கண்டுபிடித்தபோது, திருப்புளி அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

செயற்கைக்கோள்கள் அந்தி வானத்தில் பளபளக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கீழே தெருவில் விளக்குப் போட்ட பிறகும் உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்குமே, அந்த மாதிரிதான். சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் சொல்லியும் பார்த்தாள். "அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். அவளும் வேலை மும்முரத்தில் அப்புறம் என்று விட்டுவிட்டாள்.

அந்த அப்புறம், ஓடுகாலி திரும்பி வரவேண்டிய மாதத்தில் வந்து சேர்ந்தது.

அந்த மாதம் பெரும்பாலும் மேகம். இடையில் ஒரே ஒரு மாலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடி மலையில் தொலைநோக்கியோடு தயாராக இருந்தாள். அதற்கு முந்திய வாரம்தான் கம்பெனி ஒரு கூட்டம் செயற்கைக்கோள்களை அனுப்பியிருந்தது. அவை ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிகள் போல அந்த இடத்தையே கடந்துபோயின.

மறுநாள் காலை நெட்டையின் தொலைபேசிக்குக் கண்ணாடியிடமிருந்து ஒரு படம் வந்தது. படத்தின் குறுக்கே, கீறல் விழுந்த மேஜை மாதிரி, பட்டை பட்டையாக வெள்ளைக் கோடுகள். ஓடுகாலி வரவேண்டிய இடம் முழுவதும் கோட்டுக்கு அடியில். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தைகூட இல்லை. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நிலையத்துக்கே போனாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நெட்டைக்கு.

அந்த வாரம் வானொலியில் முதல் அழைப்பே ஒரு தச்சரிடமிருந்து வந்தது. மரியாதையான குரல். "நட்சத்திர அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலம் வானத்துல வரிசையா விளக்கு போகுதே, அதை நீங்க வேலை பாக்கற கம்பெனிதான் விட்டுச்சுன்னு சொல்றாங்க. நிஜமா?"

"நிஜம்தாங்க."

"அது ஆராய்ச்சிக்கு இடைஞ்சல்னு என் பையன் சொல்றான். அதுவும் நிஜமா?"

அறிவிப்பாளர் கண்ணைக் காட்டினார், வேண்டுமானால் பாட்டுப் போட்டுவிடலாம் என்பது போல. நெட்டை தலையை ஆட்டி மறுத்தாள்.

"அதுவும் நிஜம்தாங்க. இந்த வாரம் ஒரு முக்கியமான படம் கெட்டுப்போச்சு. எடுத்தவங்க என் சிநேகிதி. மேல போறது நடுக்கடல்ல மாட்டிக்கிட்டவனுக்கு உதவுதுங்கறது உண்மை. கீழ இருந்து பாக்கறவங்களுக்குக் கெடுதல் பண்ணுதுங்கறதும் உண்மை. வெளிச்சத்தைக் குறைக்க முடியும்னு நான் நினைக்கிறேன். முன்னாடியே விடாம கேட்டிருக்கணும். கேக்கலை."

முதலாளி அதையும் காரில் போகும்போது கேட்டார். கார் நேரே கம்பெனிக்குத் திரும்பியது. நெட்டை உள்ளே நுழைந்தபோது எல்லோரும் கம்ப்யூட்டரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விட்டது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

"ஊர் பூரா கேக்க நம்மளை நாமளே குத்தம் சொல்றதா?" என்றார் முதலாளி.

"பொய் சொல்லியிருந்தா அடுத்த வாரத்துல இருந்து நான் சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க சார். கம்பெனியைப் பத்தி நல்லதா சொன்னாலும் சேத்துத்தான்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "குறைக்க முடியும்னு சொன்னீங்களே. முடியுமா, இல்ல ரேடியோவுக்காகச் சொன்னீங்களா?"

"முடியும்னு தோணுது. ஆனா செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"அடுத்த கூட்டம் மேல போறதுக்குள்ள செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா நீங்க ஒண்ணு ரேடியோவுல இருக்கணும், இல்ல இங்க இருக்கணும்."

திருப்புளிக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் முதல் யோசனை அவரே சொன்னார்: கறுப்புப் பெயின்ட். ஒரு செயற்கைக்கோளுக்கு அடித்துப் பெரிய விளக்குக்கு முன்னால் வைத்துச் சோதித்தார்கள். வெளிச்சம் குறைந்தது, கூடவே உள்ளே இருந்த கருவிகள் வெயிலில் நிறுத்திய வண்டி மாதிரி கொதித்தன. இரண்டு கருவிகள் கருகின. "போதுமா?" என்றார் திருப்புளி. வெந்த பிளாஸ்டிக் வாடை இரண்டு நாள் போகவில்லை.

பிறகுதான் நெட்டைக்கு வேறொன்று தோன்றியது. செயற்கைக்கோளின் உடம்பைவிட அதற்கு மின்சாரம் தரும் சூரியப் பலகைதான் பெரிது. அந்திப் பகுதியைக் கடக்கும்போது பலகை வெயிலைக் கீழே தள்ளுகிறது. அந்தச் சற்று நேரத்துக்கு மட்டும் பலகையை, கத்தியின் விளிம்பு சூரியனைப் பார்ப்பதுபோலத் திருப்பி வைத்தால் என்ன?

"மின்சாரம் குறையும்மா" என்றார் திருப்புளி.

"பேட்டரி தாங்காதா?"

"தாங்கும். ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஏன்?"

"அது எப்படிம்மா, கணக்குப் போட்டுப் பாக்காம ஒத்துக்கறது?" என்று சொல்லிவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தார். மாலைக்குள் ஒத்துக்கொண்டார்.

மேலே ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவற்றில் ஒன்றைப் பலகை திருப்பச் சொல்லிக் கட்டளை அனுப்பலாம். பக்கத்தில் வருகிற மற்றொன்றை அப்படியே விடலாம். இரண்டையும் ஒரே மாலையில் படம் எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் அந்தி வெளிச்சத்தில், அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு துல்லியமாகப் படம் எடுக்கத் தெரிந்த ஆள் நெட்டைக்குத் தெரிந்து ஒருத்திதான்.

இந்த முறை அவள் அறைக் கதவைத் தட்டவில்லை. மலைக்குப் போகும் ஜீப் கிளம்பும் இடத்தில் போய் நின்றாள். கண்ணாடி வந்தாள், பார்த்தாள், ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். நெட்டையும் ஏறிக்கொண்டாள். பாதி மலை ஏறியதும் நெட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"என் படத்தைக் கெடுத்ததை நானே படம் எடுக்கணும். அப்படித்தானே?" என்றாள் கண்ணாடி.

"ஆமா."

"உன் கம்பெனிக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்க."

"பேரு வந்தாலும் வரும். எனக்கு உன் வானம் வேணும்டி. அன்னிக்கே கூட்டத்துல மேஜையைத் தட்டிக் கேட்டிருக்கணும். வேலை பிடிச்சுப்போச்சு, வாயை மூடிக்கிட்டேன். நானே வாயை மூடிக்கிட்டேன்."

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நீ வாயை மூடினேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நான் ரேடியோ கேட்டேன்" என்றாள். "எந்த நேரத்துக்கு வரும்னு கணக்கு வெச்சிருக்கியா, இல்ல அதையும் நான்தான் போடணுமா?"

அன்று மாலை இருவரும் பழைய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நெட்டை தன் நெற்றியை வழக்கமான நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். மேற்கே செம்மை வடிந்துகொண்டிருந்தது. முதலில் பலகை திருப்பாதது வந்தது, படத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. அடுத்தது வருகிற நேரத்துக்குப் படம் எடுத்தார்கள். திரையில் ஒன்றுமில்லை.

"தப்பா கணக்குப் போட்டுட்டேனா?" என்றாள் நெட்டை.

கண்ணாடி முகத்தைத் திரைக்கு மிக அருகே கொண்டுபோனாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள். பென்சிலால் போட்டு அழித்த பிறகு மிச்சம் இருக்குமே, அந்த மாதிரி ஒரு தடம். அதன் கீழே இருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"முழுசா போகலை" என்றாள் கண்ணாடி.

"போகலை."

"ஆனா அடியில இருக்கறது தெரியுது." அவள் வாழ்க்கையில் யாருக்கேனும் கொடுத்த மிகப்பெரிய பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

முதலாளி படங்களைப் பார்த்தார். திருப்புளி எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் கட்டளை போகும்படி செய்தார். அடுத்த கூட்டம் மேலே போகும்போதே பலகை திருப்பும் பழக்கத்தோடு போயிற்று. விளம்பரத்தில் 'கண்ணுக்கே தெரியாத செயற்கைக்கோள்' என்று போடலாமா என்று விற்பனைப் பிரிவில் கேட்டார்கள். "மங்கலா தெரியும்னு போடுங்க" என்றாள் நெட்டை. அப்படி யார் போடுவார்கள், விளம்பரமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஓடுகாலி கிடைக்கவில்லை. அந்த ஒரு மாலை போனது போனதுதான். இனி அது இந்தப் பக்கம் வர வெகு காலம் ஆகும். அப்போதும் பார்வைக்குப் படும் என்று எந்த உறுதியும் இல்லை. நெட்டை வானொலியில் அதையும் ஒளிக்காமல் சொன்னாள். தச்சர் மறுபடி போன் செய்து, அது வரும்போது நாம் எல்லோரும் பார்ப்போம் என்றார். கண்ணாடி அதைக் கேட்டுவிட்டு, இவர்கள் எல்லோரும் சேர்ந்து எந்தத் தொலைநோக்கியில் பார்ப்பார்களாம் என்று முணுமுணுத்தாள்.

இப்போது நெட்டைக்குக் கம்பெனியில் ஒரு மேஜையும், பழைய அறையில் ஒரு நாற்காலியும் உண்டு. வாரத்தில் இரண்டு மாலை மலைக்குப் போகிறாள். மற்ற கம்பெனிகளும் அதே பலகை வித்தையைத் தெரிந்துகொள்ள வர ஆரம்பித்துவிட்டன. போன மாதம்கூட ஒரு கம்பெனியிலிருந்து இஸ்திரி கலையாத சட்டைகளோடு பொறியாளர்கள் சிலர் அடிவாரத்து நிலையத்துக்கு வந்தார்கள். நெட்டைதான் விளக்குவதாக ஏற்பாடு. அவர்களில் ஒருவர் வாய் தவறி, "அந்திக்கு வானத்துல பாக்கறதுக்கு அப்படி என்ன மேடம் பெருசா இருக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த கண்ணாடி எழுந்தாள். மைக் இல்லை என்பதாலோ என்னவோ, வாயைத் திறந்தாள். கற்கள், பாதைகள், கோடுகள், கெட்டுப்போன படங்கள் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்ததையெல்லாம் வெளுத்து வாங்கினாள். பொறியாளர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார்கள். கேட்டவர் மன்னிப்புக் கேட்கப் பார்த்தார், இடைவெளி கிடைக்கவில்லை.

நெட்டை கொஞ்ச நேரம் வாசலில் சாய்ந்துகொண்டு கேட்டாள். இது இப்போதைக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை என்றதும், எல்லோருக்கும் டீ வாங்கி வருவதற்காகத் தலையைக் குனிந்து நிலைப்படியைத் தாண்டி வெளியே போனாள்.